பகலில் எடுக்கும் இரவு: நுவார் குறும்படம் எடுக்கப்போகும் மாணவிக்கு

திருச்சியில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இறுதிப் பருவத்துக்காக நுவார் பாணியில், அதாவது 1940-களின் அமெரிக்கக் குற்றப் படங்களைப் போல ஆழ்ந்த நிழல்களோடு, கறுப்பு வெள்ளைக் குறும்படம் எடுக்கவேண்டும். 12 பக்கத் திரைக்கதை கையில் இருக்கிறது. மழைக்கோட்டும் தொப்பியும் அணிந்த தனியார் துப்பறிவாளர் ஒருவர், காணாமல்போன பெண்ணைத் தேடி அலைகிறார். அந்தப் பெண்ணுக்காகக் கவரிங் நகையைத் தங்கம் என்று எழுதிக்கொடுத்த கூட்டுறவு வங்கி நகை மதிப்பீட்டாளர், இடையில் இரண்டே காட்சிகளில் வந்துபோகிறார். ஸ்ரீரங்கத்தில் தாத்தாவின் பழைய வீடு கிடைத்திருக்கிறது. கல்லூரிக் கேமராவுடன் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்தே வரும் சாதாரண லென்ஸ்), 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், இரண்டு சிறிய எல்இடி பேனல்கள் உண்டு. பட்ஜெட் 20,000 ரூபாய்.

மூன்று இரவுகளில் முடிக்கத் திட்டம். ஆனால் இரவு முழுக்க வெளியே இருக்க வீட்டில் அனுமதி இல்லை. “சாதாரண வெளிச்சத்தில் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் கறுப்பு வெள்ளையாக்கி இருட்டாக்கினால் போதாதா? வெனிஷியன் பிளைண்ட் (கிடைமட்டப் பட்டைகள் கொண்ட சன்னல் திரை) வாங்கியே ஆகவேண்டுமா? தெருவில் பொம்மைத் துப்பாக்கியோடு எடுக்கலாமா? 1957-ல் வந்த பாட்டு ஒன்றை ரேடியோவில் ஒலிக்கவிடலாமா?” இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் வீட்டாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த மூன்று இரவுகள் உங்கள் படத்துக்குத் தேவையே இல்லை. வீட்டுக்குள் நடக்கும் இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்துவிடலாம். சன்னல்களுக்கு வெளிப்புறமாகக் கறுப்பு பாலித்தீன் ஷீட்டை இரண்டு மடிப்பாகக் கட்டி, ஓரங்களை டேப்பால் அடைத்துவிட்டால் அறை எந்த நேரத்திலும் நள்ளிரவுதான். அடைத்த பிறகு விளக்கை அணைத்துவிட்டு மூன்று நிமிடம் உள்ளேயே நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் கசிவுகள் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலும் மேலே இருக்கும் வென்டிலேட்டரும் கதவின் அடி இடுக்கும்தான் காட்டிக்கொடுக்கும்.

பழைய ஸ்ரீரங்கத்து வீடு என்றால் முற்றம் இருக்கும். அதை மூட முயல வேண்டாம். தார்ப்பாய் கட்டக் கூரைமேல் ஏறுவது ஆபத்து, கட்டினாலும் ஓரத்தில் வெளிச்சம் கசியும். முற்றத்துக்குக் கதவு வைத்துப் பிரிந்திருக்கும் உள்ளறை இரண்டைத் தேர்ந்தெடுங்கள். அடைத்த அறையில் மின்விசிறியும் ஓடாது, ஏனென்றால் அந்தச் சத்தம் வசனத்தில் ஏறும். திருச்சி வெயிலில் அது சாதாரண விஷயமல்ல. காலை 6 மணிக்கு விளக்கு வைக்க ஆரம்பித்து, 40 நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டு, பிற்பகல் 2 மணிக்கு முடித்துவிடுங்கள்.

துப்பறிவாளரை விட்டுவிடுங்கள்

கடிதத்தைப் படித்தபோது என் கவனம் போனது அந்த நகை மதிப்பீட்டாளர் பக்கம்தான். நுவார் படங்களில் துப்பறிபவர் இருந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறீர்கள். 1940-களின் அமெரிக்கப் படங்களில் அவர் அடிக்கடி வருவது உண்மை. ஆனால் அதே காலத்துப் படங்களில் இன்ஷூரன்ஸ் ஏஜென்டும் லிஃப்ட் கேட்டுப் போகும் பியானோக்காரரும் கதாநாயகர்களாக வருகிறார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டுவது தொப்பி இல்லை. தப்பு என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதிலிருந்து வெளியே வர அடுத்த தப்பைச் செய்கிறார்கள். உங்கள் மதிப்பீட்டாளர் அப்படிப்பட்டவர். துப்பறிவாளருக்கோ அந்தக் கதையில் இழக்க ஒன்றுமே இல்லை.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் ஏவிஎம் தயாரித்து 1954-ல் வெளியான ‘அந்த நாள்’ படத்தை அவசியம் பாருங்கள். 1943-ல் ஜப்பானியக் குண்டு விழுந்த சென்னையில் கதை நடக்கிறது. சிவாஜி கணேசனின் பாத்திரம் ஆரம்பத்திலேயே சுடப்பட்டு விழுகிறது. படத்தில் பாடலே கிடையாது. வீடு, மாடிப்படி, குடும்பத்துப் பேச்சு என்று நமக்குத் தெரிந்த சூழலுக்குள்ளேயே சந்தேகம் வளர்கிறது. திருச்சியில் மழைக்கோட்டு போட்ட மனிதர் நடந்தால் பார்ப்பவர்கள் கோட்டைத்தான் பார்ப்பார்கள். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் உரைகல், வங்கிக்கு வந்துபோகும் ஆடிட்டரின் செருப்புச் சத்தம் இவையே போதும்.

இன்னொன்றும் இந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கிறது. கறுப்பு வெள்ளையில் தங்கத்துக்கும் கவரிங்குக்கும் நிற வித்தியாசம் தெரியாது. திரையில் அந்தச் சங்கிலியைப் பார்க்கும் ஒவ்வொருவரும் மதிப்பீட்டாளரின் வார்த்தையைத்தான் நம்பவேண்டியிருக்கும். உங்கள் படம் கறுப்பு வெள்ளையில் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. முதல் காட்சியிலேயே சங்கிலியைக் க்ளோசப்பில் காட்டுங்கள், அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போதைய திரைக்கதையில் அவர் மயக்குவதற்கென்றே வருகிறார். நகைக்கடன் எதற்காக வேண்டும் என்று அவருக்கு ஒரு காரணத்தை எழுதிக்கொடுங்கள். அந்தக் காரணம் பார்ப்பவருக்கு நியாயமாகப் பட்டால்தான் மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போடும் காட்சி கனமாக இருக்கும்.

வெளிச்சம் குறைவதால் நுவார் வராது

எடிட்டிங்கில் இருட்டாக்கலாம் என்ற யோசனையில்தான் மாணவர் படங்கள் பலவும் கெடுகின்றன. அறை முழுக்க ஒரே அளவு வெளிச்சம் இருக்கும்போது அதைக் குறைத்தால் எல்லாமே சேர்ந்து சாம்பலாகும். முகமும் சுவரும் ஒன்றாக மங்கும், நிழல் எங்கிருந்தும் முளைக்காது. இருண்ட அறையில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, 6400-க்கு ஏற்றி எடுப்பதும் இதே கதிதான், கூடுதலாகக் கறுப்பில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வரும். நுவார் படத்தில் வெளிச்சம் படும் இடத்தில் நிறையவே படுகிறது, மற்ற இடத்துக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது. உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இந்தத் தடுக்கும் வேலைக்குத்தான் போகவேண்டும்.

உங்களிடம் உள்ள எல்இடி பேனல்கள் இதற்குத் தோதானவை அல்ல. நூற்றுக்கணக்கான சிறு பல்புகள் ஒரு பலகையில் பரவியிருப்பதால் ஒவ்வொன்றும் தன் நிழலைப் போட்டு, ஓரம் கலங்கிவிடும். ஒரே சில்லிலிருந்து வெளிச்சம் வரும் சிஓபி எல்இடி விளக்கு ஒன்றை, 100 அல்லது 150 வாட்டில், வாடகைக்கு எடுங்கள். ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸையும் குவிக்கும் ரிஃப்ளெக்டரையும் கழற்றிவிட்டு வெறும் விளக்காகப் பயன்படுத்தினால் நிழல் கத்திபோல் விழும். அதே கடையில் ‘பேபி’ என்று சொல்லப்படும் 1000 வாட் ஹாலஜன் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அது 230 வோல்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும், பழைய வீட்டின் 5 ஆம்பியர் பிளக்குக்கு அது எல்லை. அடைத்த அறையில் அதன் சூட்டையும் நினைத்துப் பாருங்கள்.

வெனிஷியன் பிளைண்ட் வாங்கவேண்டாம். உங்கள் தாத்தா வீட்டுச் சன்னல் கம்பிகள் போதும், இன்னும் சொல்லப்போனால் அவைதான் அந்த வீட்டுக்குப் பொருந்தும். கம்பி நிழல் கூர்மையாக விழ விளக்கு கம்பியிலிருந்து 3 அல்லது 4 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும், நடிகரோ சுவரோ கம்பியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கவேண்டும். பலரும் விளக்கைக் கம்பிக்கு அருகில் கொண்டுவந்துவிட்டு நிழல் ஏன் கலங்குகிறது என்று குழம்புவார்கள். சன்னலுக்கு வெளியே பாலித்தீன் கட்டியிருப்பதாலோ இடம் இல்லாததாலோ அங்கே விளக்கு வைக்க முடியாவிட்டால், அறைக்குள்ளேயே அட்டையில் 4 செ.மீ. பட்டை, 4 செ.மீ. இடைவெளி என்று வெட்டி ஸ்டாண்டில் பிடித்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்படித்த சுவர் செய்யும் கேடு

முகத்தின் ஒரு பக்கத்துக்கு விளக்கு வைத்தாயிற்று, ஆனாலும் மறுபக்கம் இருளவில்லை என்று கட்டாயம் ஒரு கட்டத்தில் தவிப்பீர்கள். காரணம் வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும். விளக்கின் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பி நிழலை நிரப்பிவிடுகிறது. முகத்தின் இருண்ட பக்கத்தில், ஃபிரேமுக்கு வெளியே ஒரு மீட்டர் தூரத்தில் கறுப்புத் துணி கட்டுங்கள். வழவழப்பான துணி ஒளியைத் திருப்பும், வெல்வெட் போன்று உறிஞ்சும் துணியாக ஐந்து மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். விளக்குக்கு மேலே கூரைப்பக்கம் போகும் ஒளியை ஒரு கட்டரால், அதாவது கறுப்பு அட்டையால், வெட்டிவிடுங்கள். இந்த இரண்டையும் செய்தால் முகத்தின் இரு பக்கங்களுக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது), அதாவது 8-க்கு 1 என்ற விகிதம், எளிதாக வந்துவிடும். அதற்குமேல் ஒரு துளி நிரப்பவேண்டுமானால் அந்தச் சிறு பேனல்களில் ஒன்றைச் சுவரில் அடித்துத் திருப்புங்கள்.

மாநிறம், கருநிறம், கறுத்த தலைமுடி, பின்னால் இருட்டு. நம் முகங்களுக்கு இப்படி விளக்கு வைக்கும்போது தலை பின்னணியில் கரைந்து முகமூடி மாதிரி மிதக்கும். ஒட்டுமொத்த வெளிச்சத்தை ஏற்றி இதைச் சரிசெய்யாதீர்கள். முகத்தின் இருண்ட பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரில் மட்டும் ஒரு வெளிச்சத் திட்டு விழச் செய்யுங்கள், வெளிச்சமான பக்கத்துக்குப் பின்னால் சுவர் இருட்டாக இருக்கட்டும். தலையின் வடிவம் தானாகத் தெரியும். கருத்த தோலில் நெற்றியிலும் கன்னத்திலும் ஏறும் மினுமினுப்பு கறுப்பு வெள்ளையில் மிக அழகாக வரும், பவுடர் போட்டு அதைக் கொன்றுவிட வேண்டாம்.

வெள்ளைச் சட்டைதான் ஃபிரேமில் முதலில் அளவுக்குமீறி வெளுத்து விவரம் இழக்கும். பழைய நாட்களில் செய்ததுபோல அதை டீ டிகாஷனில் நனைத்துக் காயவைத்து எடுங்கள், திரையில் வெள்ளையாகவே தெரியும், விவரமும் தங்கும். சிவப்புப் புடவையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாகிவிடலாம். உடைகளை முடிவு செய்யும் முன் அந்தச் சுவரில் வைத்துப் போன் கேமராவில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். சங்கிலிக்கு மினுக்கம் வேண்டுமானால் கறுப்புத் துணிமேல் வைத்து, விளக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டைப் பட்டையைப் பிடித்துக் கோணம் தேடவேண்டும். உலோகம் தன்மீது விழும் வெளிச்சத்தைவிட எதிரில் இருப்பதைத்தான் காட்டும்.

கேமரா அமைப்பு

லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை அகலத் திறந்து பின்னணியை மங்கலாக்கினால்தான் சினிமா போல இருக்கும் என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கஷ்டப்பட்டுச் சுவரில் விழவைத்த கம்பி நிழல் அந்த மங்கலில் காணாமல் போய்விடும். கிட் லென்ஸை 18 முதல் 24 மி.மீ. வரை வைத்து, எஃப் 4 அல்லது 5.6-ல், கொஞ்சம் தாழ்ந்த உயரத்திலிருந்து எடுங்கள். உத்தரம் தலைக்குமேல் அழுத்துவது தெரியும். 50 மி.மீ. லென்ஸ் சங்கிலிக்கும் கண்களுக்கும் இருக்கட்டும்.

நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 800. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட், தெருவிளக்கு எதுவும் இதில் துடிக்காது. எஃப் 4-ல் முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்குச் சுமார் 250 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும், 150 வாட் விளக்கு மூன்று மீட்டரிலிருந்து அதைத் தாராளமாகத் தரும். வெளிச்சப் பக்கத்துக்குச் சரியான எக்ஸ்போஷர் வையுங்கள், இருண்ட பக்கம் இருளட்டும்.

கேமராவின் மோனோகுரோம், அதாவது கறுப்பு வெள்ளை, புரொஃபைலில் பதிவு செய்ய வேண்டாம், அதில் நிறத் தகவல் நிரந்தரமாகப் போய்விடும். கலரில் எடுத்தால் எடிட்டிங்கில் சிவப்புச் சானலைக் கூட்டித் தோலை வெளிறச் செய்யலாம், நீலத்தைக் கூட்டிக் கறுக்கச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு செட்டப்பையும், அதாவது கேமராவும் விளக்கும் சேர்ந்த ஒவ்வொரு அமைப்பையும், முதலில் மோனோகுரோமில் போட்டுப் பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு கலருக்கு மாற்றிப் பதிவு செய்யுங்கள். கலர் நம்மை ஏமாற்றும்.

ஒளிக்கற்றை தெரியப் புகை வேண்டுமென்றால் சாம்பிராணி போதும். அட்டையால் விசிறி, மூன்று நிமிடம் பரவவிட்டு, விளக்கு கேமராவை நோக்கிப் பின்னாலிருந்து வரும்படி வையுங்கள். முன்னாலிருந்து அடித்தால் கற்றை தெரியாது, படம் மட்டும் வெளுக்கும். குழுவில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிகரெட் வேண்டாம். புகையிலைக் காட்சிக்கு எச்சரிக்கை வாசகம் காட்டவேண்டிய விதி இருக்கிறது, உங்கள் ஃபிரேமின் கீழே அந்த எழுத்து வந்து உட்காரும்.

12 பக்கம் ஏன் 7 ஆகவேண்டும்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று கொண்டாலும், நீங்கள் பட்டியலிட்டிருக்கும் 58 ஷாட்டுகள் மூன்று நாளில் முடியாது. இந்தப் பாணியில் ஒரு செட்டப்புக்கு வெளிச்சம் வைக்கவே 40 நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்தில், சாப்பாடும் ஓய்வும் போக, எட்டு செட்டப் எடுத்தால் நல்ல வேகம். ஆக மூன்று நாளில் 24. துப்பறிவாளர் போனதும் ஐந்து பக்கம் தானாகக் குறையும். மீதியில் வசனக் காட்சிகளை இங்கும் அங்குமாக மாற்றி மாற்றி க்ளோசப் எடுக்காமல், இருவரையும் ஒரே ஃபிரேமில், ஒருவர் முன்னே வெளிச்சத்திலும் ஒருவர் பின்னே இருட்டிலும் நிற்கும்படி அமையுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு செட்டப் போதும்.

பணத்தில் முதலில் ஒதுக்கவேண்டியது சாப்பாடும் போக்குவரத்தும். பத்துப் பேருக்கு மூன்று நாள், தலைக்கு 200 ரூபாய் என்றாலே 6,000. அடுத்தது விளக்கு, ஸ்டாண்ட் வாடகை, கறுப்புத் துணி, இரண்டாவது ஹார்ட் டிஸ்க். கோட்டு, தொப்பி, பிளைண்ட் என்று எழுதியிருந்த தொகையை ஒலிக்கு மாற்றுங்கள். காலர் மைக் வாடகைக்குக் கிடைக்கும். மதிப்பீட்டாளரின் மனக்குரலை மெத்தையும் கம்பளமும் சூழ்ந்த மூலையில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பதிவு செய்யுங்கள். திரையில் தெரிவதையே அந்தக் குரல் திரும்பச் சொன்னால் இரண்டில் ஒன்றை வெட்டிவிடுங்கள்.

தெரு, துப்பாக்கி, பாட்டு

தெருக் காட்சி ஒன்று மட்டும் உண்மையான இருட்டில் இருக்கட்டும். மாலை ஆறரைக்கு மேல் ஒன்பது மணிக்குள் முடித்துவிடலாம். இயக்குநர் எட்கர் உல்மர் 1945-ல் சொற்பச் செலவில் எடுத்த ‘டீட்டூர்’ படத்தில் நியூயார்க் தெருவுக்கு செட் போடப் பணமில்லாமல் பனிமூட்டத்தால் சமாளித்தார்கள். உங்களுக்கு மழைகூட வேண்டாம், நனைந்த தரை போதும். 200 லிட்டர் பேரல் ஒன்று சிறு சந்தின் 50 சதுர மீட்டர் தரையை நனைக்கும், அரைமணிக்கு ஒருமுறை மறுபடி தெளிக்கவேண்டும். எதிர்ப்பக்கமிருந்து வரும் தெருவிளக்குதான் ஈரத்தை மினுங்கச் செய்யும், அந்தப் பக்கமே கேமராவைத் திருப்புங்கள். ஈரத் தரையில் மின்வயர் போகக்கூடாது, அங்கே பேட்டரி பேனல்களைப் பயன்படுத்துங்கள். கல்லூரியின் கடிதத்தோடு பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டு, கையொப்பமிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள்.

துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தூரத்தில் பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது. பதறிப்போன ஒருவர் உங்கள் நடிகரைத் தாக்கலாம், காவலர் உண்மை என்றே நம்பலாம். மதிப்பீட்டாளர் கதைக்கு அது தேவையும் இல்லை, வங்கிக்கு வந்த ஆடிட்டர் இரண்டாவது முறை உரைகல்லைக் கேட்பது அதைவிடப் பயமாக இருக்கும்.

பழைய பாட்டு என்றால் உரிமை முடிந்திருக்கும் என்பது பாதி உண்மை. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1957-ல் வந்த ஒலித்தட்டுக்கு அது 2017 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்த பின் 60 வருடம் உரிமை உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல், அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. உங்கள் பாட்டின் கவிஞர், இசையமைப்பாளர் இருவரின் மறைவு ஆண்டையும் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ரேடியோவில் ஒலிக்கப் பாட்டு வேண்டுமானால் பாரதியார் வரிகளுக்கு உங்கள் நண்பர் ஒருவர் புது மெட்டமைத்துப் பாடலாம். அந்த வரிகளுக்குத் தடை எதுவும் இல்லை.

படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்பே விளக்கை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, அந்த அறையில், அந்த நடிகரையே வைத்து இரண்டு ஷாட் எடுத்துப் பாருங்கள். அதைக் கலர் கரெக்ஷன் செய்து கல்லூரி அரங்கின் புரொஜெக்டரில் போடுங்கள். அரங்குப் புரொஜெக்டர்களில் கறுப்பு பெரும்பாலும் சாம்பலாக வெளுக்கும், லேப்டாப்பில் தெரிந்த நிழல் அங்கே காணாமல் போகலாம். யூடியூபிலும் ரகசியமாக ஏற்றிப் பாருங்கள், இருண்ட சுவரில் கட்டம் கட்டமாக உடைந்தால் மெல்லிய கிரெய்ன் (பழைய ஃபிலிமில் தெரியும் நுண்புள்ளிகள்) சேர்த்து, 4கே அளவில் ஏற்றினால் பெருமளவு சரியாகும். இந்தச் சோதனையில் முகத்துக்கு எத்தனை ஸ்டாப் கூட்டவேண்டும் என்று தெரிந்துவிடும், அந்த எண்ணை எழுதி கேமராவிலேயே ஒட்டிவையுங்கள்.